வாசற்கதவில் ஒட்டிய என் படம்

கருங்கடல் காற்று வாங்கிக்கொண்டு வர்னாவில் குடும்பத்தோடு சுகமாய் இருக்கும் என் தம்பி கென்சோவுக்கு, உன் அண்ணன் ஸ்தாமென் உயிரோடு இருந்து எழுதிக்கொள்வது. நான் நலம். எல்லாக் கடிதத்திலும் இருப்பதுதானே என்று தாண்டிப் போய்விடாதே, இந்தத் தடவை அதுதான் செய்தி. பக்கத்து வீட்டு ஸ்டோய்னா போனில் உன்னிடம் சொன்னதை நம்பாதே. அப்பா சாராயம் காய்ச்சிய கொப்பரைக்காக நாம் போட்ட சண்டைக்குப் பிறகு நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, அதனால் இதை பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மாடியறையில் குடியிருக்கும் டாக்டர் நெவேனா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, சமூகவியல் டாக்டர். சோஃபியாவில் டிராம் ஓட்டியவரின் மகள். வருஷக்கணக்காக ஊர் ஊராய்த் தங்கி, யார் என்ன சாப்பிடுகிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை என்று கேட்டு, கேட்டதோடு நில்லாமல் படமும் பிடிக்கிறாள். "படம் எடுக்கறதெல்லாம் ஆராய்ச்சியான்னு பல்கலைக்கழகத்துல கேக்கறாங்க, இதெல்லாம் கலையான்னு படக்காரங்க கேக்கறாங்க. ரெண்டு வீட்டுக்கும் ஆகாத மருமக நான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நம் ஊரில் கதவு, கம்பம் எங்கே பார்த்தாலும் நாற்பதாம் நாள், வருஷம் என்று சாவு நோட்டீஸில் செத்தவர்கள் முகம்தான் ஒட்டியிருக்கிறதாம், உயிரோடு இருப்பவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லையாம். ஆகவே உயிரோடு இருப்பவர்களின் படத்தை அவரவர் கதவில் ஒட்டப் போகிறேன் என்றாள், முதலில் என் கதவில். கழுதையோடு மல்லுக்கட்டி நான் சிரிக்கிற படம் அவளுக்குப் பிடித்திருந்தது. நான் விடுவேனா? கல்யாணக் கோட்டு, டை, இறுகின முகம், இதைத்தான் ஒட்ட வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

"ஐயா, இது சாவு நோட்டீஸ் மாதிரியே இருக்கு."

"எனக்குத் தெரியாததா? நீ ஒட்டும்மா."

நேற்றுக் காலை ஒட்டிவிட்டு அவள் மற்றப் படங்களை எடுத்துவர டவுனுக்குப் போனாள், நான் காளான் பறிக்க மலைக்குப் போனேன். திரும்பி வந்தால் முற்றம் நிறைய ஜனம், எல்லார் கையிலும் சாவுக்கென்று இரட்டைப்படையில் எண்ணிக் கொண்டுவருகிற பூ, மேஜைமேல் செத்தவர் பேருக்குப் படைக்கிற சர்க்கரை போட்ட அவித்த கோதுமை, பாதிரியார் என் கோப்பையில் காபி குடிக்கிறார். "நல்ல மனுஷன், ஒரு சொல் கடிஞ்சு பேசினதில்ல" என்று ஸ்டோய்னா அழுகிறாள். என் கோழிகள் அவள் தோட்டத்தில் நுழைந்த நாள் முதல் என்னைச் சபிப்பவள் இவள். நான் பின்னால் நின்று, "யாரும்மா போயிட்டாங்க?" என்றேன். "நீதான்" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள், தட்டு கீழே விழுந்தது. குழி வெட்டுகிற மித்கோவுக்குக் கோபமான கோபம். "வெட்டி முடிச்சாச்சே ஸ்தாமென், இப்ப வந்து நின்னா எப்படி?" கோதுமையை வீணாக்கக் கூடாது என்று எல்லோரும் சாப்பிட்டோம். நானும் ஒரு தட்டு சாப்பிட்டேன், சர்க்கரை குறைவு.

ஞாயிறு அடக்கம் என்று ஸ்டோய்னா சொன்னதும் நீ "வரேன்" என்று மட்டும் சொன்னாயாம். அப்பாவின் சாராயக் கொப்பரையை நான் தர மறுத்த அன்று, "இனி உன் சாவுக்குத்தான் இந்த வாசப்படி மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன் நீ. நான் சாகவில்லை, ஆகவே நீ வர வேண்டியதில்லை. படத்தைக் கிழித்தாயிற்று. நெவேனாவை அறையைக் காலி பண்ணச் சொல்லியாயிற்று. கொப்பரை மூத்தவனுக்கு உரியது, அது இங்கேதான் இருக்கும்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். புனித நிக்கோலாஸ் உங்களைக் கடலிலும் கரையிலும் காக்கட்டும்.

உன் அண்ணன்,
ஸ்தாமென்

பி.கு.: பஸ் வந்துவிட்டது, நீ அனுப்பிய மலர்வளையமும் அதில்தான் வந்தது. "அண்ணா, கொப்பரை உனக்கே. பேசாமலே போயிட்டியே" என்று ரிப்பனில் எழுதியிருக்கிறாய். டிரைவர் எதிரிலேயே அழுதுவிட்டேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். நெவேனா இருக்கட்டும், படத்தை மறுபடி ஒட்டச் சொல்லிவிட்டேன், கழுதையோடு சிரிக்கிற படத்தை. கொப்பரையைத் துலக்கப் போகிறேன், போகும்போது எடுத்துக்கொண்டு போ. சாவுக்குத்தானே வருவேன் என்றாய்? அடக்கம் ஞாயிற்றுக்கிழமை. வந்து தட்டு, கதவை நானே திறக்கிறேன்.