பூமிக்கு மட்டும் காது கொடுப்பவர்

தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கிற மனிதர்கள் உலகத்தில் இரண்டு வகை. எதையாவது தொலைத்தவர்கள் ஒரு வகை. மெட்டல் டிடெக்டர் வாங்கியவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்குப் பொருள் கிடைத்ததும் குணமாகிவிடும். இரண்டாம் வகைக்குக் கிடைக்கக் கிடைக்க முற்றும்.

இந்த இரண்டாம் வகைக்காரரை நீங்கள் சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளலாம். எங்கள் அமெரிக்காவின் நெப்ராஸ்காச் சமவெளியில், முதலில் குடியேறியவர்கள் புல்லும் மண்ணுமாகக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கி வீடு கட்டிக்கொண்ட பழைய பண்ணை ஏதாவது ஒன்று பாழாகிக் கிடக்கிறது என்று காதில் விழுந்தால் போதும். அடுத்த சனிக்கிழமை காலையில், முழங்காலில் பஞ்சுப் பட்டை, இடுப்பில் குட்டி மண்வெட்டி, கழுத்தில் ஹெட்போன், ஒரு கையில் நீளத் தடி, தடியின் நுனியில் தோசைக்கல் மாதிரி ஒரு வட்டம், மறு கையில் ஒரு ஜாம் புட்டி, இத்தனையோடும் வந்து நிலத்துக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுவார். அனுமதி கேட்க வெறுங்கையோடு போகக்கூடாது என்பது இந்த இனத்தின் தர்மம். ஜாம் அவர் மனைவி செய்தது. அந்த அம்மாளும் வருடா வருடம் காட்டுச் செர்ரி பறித்துக் காய்ச்சி அடைத்து வைக்கிறாள். வீட்டில் இதுவரை ஒருவரும் அதை ருசி பார்த்ததில்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். தோண்டிய குழியை இவர் அப்படியே விட்டுப் போகமாட்டார். புல்லைக் கத்தியால் வட்டமாக அறுத்து, மூடியைப் போலத் தூக்கி வைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பொருத்தி, காலால் தட்டி, குழந்தையைத் தூங்க வைத்தவர் மாதிரி ஓசையில்லாமல் நகர்ந்துவிடுவார். குழிகளால் தொல்லையே இல்லை. தொல்லையெல்லாம் குழியிலிருந்து வந்தவற்றால்தான்.

அவர் எடுத்ததை நீங்கள் 'ஆணி' என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுருங்கிவிடும். அது ஆணி இல்லை. 'குடியேறிகள் காலத்துச் சதுர ஆணி'. துருப்பிடித்த கரண்டியா? ஒரு பனிக்காலத்தில், காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குத் தாய் கஞ்சி ஊட்டிய கரண்டி. சட்டைப் பொத்தானா? வண்டியேறிப் போன காதலனை ஒருத்தி கட்டிப்பிடித்தபோது தெறித்த பொத்தான். பழங்காலத்து மனிதர்கள் பொத்தானைச் சும்மா தொலைத்ததாக இவர் அகராதியில் கிடையாது. இந்தக் கதைகளையெல்லாம் பிக்கப் வண்டியின் பின்பலகையில் துண்டை விரித்து, பொருள்களை அடுக்கி வைத்து, நிலத்துக்காரரை நிற்க வைத்துச் சொல்வார். நிலத்துக்காரருக்கு அடுப்பில் சாப்பாடு தீய்ந்துகொண்டிருக்கும். அவர் சொன்னாலும் இவருக்கு அது கேட்காது. இவர் காதில் ஹெட்போன் இருக்கிறது; இல்லாவிட்டாலும் கேட்காது.

இந்த இனத்தின் அசல் மாதிரி எங்கள் வெர்லின் ஹோக்லண்ட். ஆயுள் இன்சூரன்ஸ் விற்று ஓய்வு பெற்றவர். அப்படிப் பாழாகிக் கிடந்த ஒரு பண்ணையின் சொந்தக்காரி ஆர்டித். அவர் அவள் வீட்டுக் கதவைத் தட்டிய அன்று, அவள் ஜாமை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"பண்ணை முழுக்க எங்க வேணா தோண்டிக்கங்க வெர்லின். ஆனா எங்கம்மாவோட கல்யாண மோதிரத்த மட்டும் எப்படியாவது தேடிக் குடுத்துடணும். கோழிக்கூண்டுகிட்ட விழுந்துச்சு. நிலத்த வித்தாச்சு. வாங்கினவர் புல்டோசர் கொண்டு வர்றதுக்குள்ள வேணும்."

"கவலையே படாதீங்க. தங்கம் எங்கயும் ஓடிப்போயிடாது."

அந்த மோதிரத்துக்குப் பின்னால் ஒரு வழக்கு இருந்தது. கோழிக்குத் தீனி இறைக்கும்போது அது விரலிலிருந்து நழுவிவிட்டது என்பது அம்மா ஹுல்டாவின் கட்சி. காலையில் நடந்த சண்டையில் கழற்றிக் குளத்தில் வீசிவிட்டாள் என்பது அப்பா எமிலின் கட்சி. அவர் இன்னொரு மோதிரமும் வாங்கித் தரவில்லை, சாகும்வரை கட்சியும் மாறவில்லை. ஹுல்டாவுக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. டவுனில் முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். மகள் பார்க்கப் போகும்போதெல்லாம் இதே பேச்சுதான்.

"நம்பாமயே போயிட்டான்டீ உங்கப்பன். செத்துட்டா சண்டை தீந்துடுமா? மேல போனதும் அவன் மூஞ்சிக்கு நேரா அந்த மோதிரத்த நீட்டணும். அது கைக்கு வராம நான் கிளம்பறதா இல்லன்னு டாக்டர்கிட்டச் சொல்லு."

வெர்லின் சனிக்கிழமை தோறும் வந்தார். முதலில் கோழிக்கூண்டுப் பக்கம் கருவியை இரண்டு சுற்று ஆட்டிவிட்டு, நேரே பழைய சமையலறை இருந்த மேட்டுக்குப் போய்விட்டார். கைப்பிடியில்லாத கரண்டி வந்தது. தையல்காரிகள் விரலில் மாட்டும் தொப்பி வந்தது. ஊறுகாய்ப் புட்டியின் துத்தநாக மூடி வந்தது. அதற்குக் கதை அரை மணி நேரம். அடுப்புக் கதவின் கொண்டி வந்தபோது வெர்லின் அழுதேவிட்டார்.

"மோதிரம்?" என்பாள் ஆர்டித்.

"வரும்" என்பார் வெர்லின்.

ஒரு சனிக்கிழமை அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க. கோழிக்கூண்டுகிட்ட ஒண்ணுமே இல்ல. வெறும் குப்பை. தொலைச்ச இடம்னு ஜனங்க சொல்ற எடத்துல ஒரு நாளும் தொலைச்சிருக்க மாட்டாங்க, என் அனுபவத்துல பாத்திருக்கேன். உங்கப்பா சொன்னதுதான் சரின்னு படுது. குளத்துல எறங்கிப் பாக்கட்டுமா?"

ஆர்டித்துக்கு மனசு கனத்துப்போயிற்று. அம்மா இத்தனை வருடமும் பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தாளோ என்று அவள் முதல் தடவையாக நினைத்தாள். நினைத்தது தப்பு என்று பட்டது. ஆனாலும் நினைப்பு போகவில்லை. அந்த வாரம் முதியோர் இல்லத்துக்குப் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாள். மோதிரப் பேச்சை எடுக்கவே அவளுக்கு வாய் வரவில்லை.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. திங்களன்று புல்டோசர். வெர்லினோ சமையலறை மேட்டில் புதிதாக ஒரு கரண்டியைக் கண்டு, மண்டியிட்டு, உலகத்தை மறந்திருந்தார். அவர் வண்டியில் இன்னொரு கருவி கிடந்தது. இந்த இனத்தார் எல்லோரிடமும் ஒரு உபரிக் கருவி உண்டு, யாராவது மதம் மாறி வந்தால் கொடுப்பதற்கு. ஆர்டித் அதை எடுத்துக்கொண்டு கோழிக்கூண்டுக்குப் போனாள். எந்தப் பொத்தான் எதற்கென்று அவளுக்குத் தெரியாது. ஆன் பண்ணினாள். கருவி அடி வைத்த இடமெல்லாம் கத்தியது. அவள் தோட்டக் கரண்டியால் கத்திய இடமெல்லாம் தோண்டினாள். வந்ததெல்லாம் ஒன்றுதான்: அந்தக் காலத்து பீர் டப்பாவைத் திறக்கும்போது இழுத்துப் பிய்த்துத் தூர எறிவார்களே, அந்த அலுமினிய வளையம். கோட்டுப் பை நிரம்பியது. பக்கத்திலிருந்த பக்கெட்டும் பாதி நிரம்பியது.

சத்தம் வெர்லினின் ஹெட்போனையும் துளைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். ஓடி வந்தார்.

"ஐயோ, அதையெல்லாம் தோண்டாதீங்க! எல்லாம் டப்பா வளையம்!"

"தோண்டாமயே எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு உலோகத்துக்கும் மிஷின்லயே ஒரு நம்பர் காட்டுமே. அந்த நம்பர் வந்தாலே குப்பைதான். அதுக்குத்தான் நான் என் மிஷின்ல அந்தச் சத்தத்தையே அடைச்சு வெச்சிருக்கேன். இல்லாட்டி நாள் பூரா கத்திக்கிட்டே இருக்கும்."

"சரி. தங்க மோதிரம் எந்த நம்பர்ல கத்தும்?"

வெர்லின் தொப்பியைக் கழற்றினார். தலையைத் தடவினார். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அது... கிட்டத்தட்ட இதே நம்பர்தாங்க."

"இது உங்களுக்கு முன்னயே தெரியுமா?"

"எங்காளுங்க எல்லாருக்குமே தெரியும்."

"அப்புறம் எதுக்கு அடைச்சு வெச்சீங்க மனுஷா?"

"நூறு குழி தோண்டினா நூறும் வளையமா வரும்ங்க. இடுப்பு என்னத்துக்கு ஆகறது? அதுவுமில்லாம, மோதிரம்ங்கறது... ஒரு சாதாரண மோதிரம். சரித்திரம்னு சொல்ல முடியாதே."

ஆர்டித் தோட்டக் கரண்டியை மறுபடி மண்ணில் குத்தினாள். தோண்டிக்கொண்டே போனாள். வெர்லினுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது போலிருக்கிறது. அவரும் மண்டியிட்டு, அடைத்து வைத்திருந்ததைத் திறந்துவிட்டு, சரித்திரமில்லாத குப்பையை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார். சாயங்காலம், வளையங்கள் கும்பலாகக் கிடந்த ஓர் இடத்தில், அவற்றுக்கு அடியில், ஆர்டித்தின் விரலில் ஒன்று கனமாக இடறியது. அலுமினியம் அத்தனை கனம் இருக்காது. அவள் அதைக் கோட்டு நுனியால் துடைத்தாள். உள்பக்கம் 'எமில்' என்று இருந்தது. அவள் அங்கேயே கோழி எச்ச மண்ணில் உட்கார்ந்து, சந்தேகப்பட்டதற்கும் சேர்த்து, வாய்விட்டு அழுதாள்.

மண் கையோடு அப்படியே காரை எடுத்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனாள். ஹுல்டா மோதிரத்தை வாங்கினாள். பழைய விரலில் மூட்டைத் தாண்டவில்லை, சுண்டுவிரலில் போட்டுக்கொண்டாள்.

"எங்க கெடந்துச்சு?"

"நீ சொன்ன எடத்துலதான்மா. கோழிக்கூண்டுக்குப் பின்னால."

கைக்குட்டை எடுக்க ஆர்டித் கோட்டுப் பைக்குள் கைவிட்டாள். வளையங்கள் கலகலவென்று படுக்கையில் கொட்டின.

"இதென்னடீ?"

"அங்க கெடந்த குப்பைம்மா. பீர் டப்பா வளையம். அம்பாரமா கெடக்குது."

ஹுல்டா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆர்டித் பிறந்த அன்றே குடியை விட்டுவிட்டதாக எமில் பாதிரியார் முன்னால் சத்தியம் செய்தவர். அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு, கோழிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போய், வெகு நேரம் கழித்துத்தான் திரும்புவார்.

"அந்தக் கோழிங்க என்னா தண்ணி குடிக்குதுன்னு நானும் அப்பப்ப யோசிச்சிருக்கேன்" என்றாள் ஹுல்டா. பிறகு படுக்கை ஆடும்படி சிரித்தாள். சிரிக்கும்போதே கண் வழிந்தது. "அத்தனையும் பொறுக்கி ஒரு பைல போட்டு வைடீ. மோதிரத்தோட சேத்து எடுத்துட்டுப் போறேன்."

வெர்லின் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? நன்றாக இருக்கிறார். மெட்டல் டிடெக்டர்காரர்களின் சங்கக் கூட்டத்தில் மோதிரம் கிடைத்த வரலாற்றைச் சொன்னார்: மற்ற இடங்களையெல்லாம் தேடி ஒதுக்கி, இடத்தைக் குறுக்கிக் கொடுத்ததே அவர்தானாம். அடுத்த வாரம் ஆர்டித் வீட்டுக்கு இன்னொரு ஜாம் புட்டியோடு போய் நின்றார்.

"அந்த பக்கெட்டுல மிச்சம் இருக்குல்ல, வளையம்? இழுத்துப் பிய்க்கற மாதிரி இப்பல்லாம் வர்றதே இல்லைங்க. அம்பது வருஷம் தாண்டிடுச்சுன்னா அதுவும் சரித்திரம்தான்."

இப்போது அவர் வீட்டில் கண்ணாடி போட்ட பெட்டியில், கறுப்பு வெல்வெட்டின் மேல், எமிலின் திருட்டுக் குடி வரிசை வரிசையாக மின்னுகிறது. ஒவ்வொன்றுக்கும் கதை உண்டு. மூன்றாவது வரிசைக் கதையில் யாரோ ஒரு தாய் வேறு வருகிறாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களிடம் கருவியும் இல்லை, ஹெட்போனும் இல்லை, நெப்ராஸ்கா எந்தத் திசையில் இருக்கிறது என்பதுகூடத் தெரியாது. ஆனால் இந்தப் பக்கத்தை நீங்கள் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையிலிருந்து ஒருவர் உங்களிடம் ஏதோ சொன்னார். நீங்களும் 'உம்' என்றீர்கள். என்ன சொன்னார், சொல்லுங்கள் பார்ப்போம்?