தட்டு சாய்ந்தது, டீ சிந்தவில்லை

நாகமலை புதுக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய முத்துக்குமரன் அத்தானுக்கு,

இசைவாணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, நான், உங்கள் அம்மா ஆகிய நால்வரும் நலம். கடிதங்களில் இந்த வரியை யாரும் நின்று படிப்பதில்லை. தயவுசெய்து இந்த முறை மட்டும் இன்னொரு தடவை படித்துவிட்டு மேலே வாருங்கள். அத்தை நலம். மூட்டுவலி பழைய அளவிலேயே இருக்கிறது, புதிதாக எதுவும் சேரவில்லை. ஓசூரில் பாண்டீஸ்வரி அக்காவும் பிள்ளைகளும் அதே போல நலமாக இருக்க வேண்டும்.

நேற்று அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நீங்கள் போனில் "மாமா, எங்கம்மாவ எதுக்கு வண்டியில ஏத்தி நிப்பாட்டுனீங்க?" என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும் என்பதால் நான்கு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். நீங்கள் வைத்துவிட்டீர்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வழியில் நின்றுபோன கார்களை அப்பா ஜீப்பில் கோத்த டிரெய்லரில் ஏற்றி வருவது உங்களுக்குத் தெரியும். அந்த டிரெய்லரில் கார் ஏற வேண்டுமானால் இரண்டு இரும்புப் பலகைகளைத் தூக்கிப் பின்னால் மாட்ட வேண்டும். போன மாதம் திருப்பரங்குன்றத்தில் ஒரு காரை ஏற்றும்போது ஒரு பலகை நழுவி அப்பாவின் காலருகே விழுந்தது. நானும் அன்று ஜீப்பில்தான் இருந்தேன். சத்தம் கேட்டதும் அந்தப் பக்கம் திரும்பாமல் கொஞ்ச நேரம் எதிரே இருந்த பழக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திரும்பினேன். செருப்பின் முன்பகுதி அறுந்து தனியாகக் கிடந்தது. அப்பா கால் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகல, போவோம்" என்றார். அன்றிலிருந்து அந்த அறுந்த செருப்பையே போட்டுக்கொண்டு திரிந்தார். அம்மா புதிது வாங்கச் சொன்னால், "இன்னும் பாதி இருக்குல்ல" என்பார்.

பழைய டிரெய்லரை மாற்றுவது என்று முடிவானது. எதை வாங்குவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. நானும் அப்பாவின் கூட்டாளி இம்மானுவேல் அண்ணனும் தட்டு சாய்கிற டிரெய்லர்தான் வேண்டும் என்றோம். அதன் தட்டே பின்பக்கம் சாய்ந்து தரையைத் தொடும். கார் நேராக ஏறிச் சக்கர அச்சைத் தாண்டியதும் அந்தப் பாரத்திலேயே தட்டு நிமிர்ந்து மட்டமாகிவிடும். தூக்கவும் மாட்டவும் எதுவும் இல்லை. நழுவி விழவும் எதுவும் இல்லை. அப்பா கேட்கவில்லை. "தட்டு தானா எறங்கும், தானா ஏறும்ங்கிற. அது எப்பத் தானா எறங்கும்னு யாருக்குத் தெரியும்? நால்வழிச் சாலையில போறப்ப அதுக்கு எறங்கத் தோணுச்சுன்னா? பலகைன்னா நாம சொன்னாத்தான் எறங்கும்." "அன்னைக்கு நீங்க சொன்னீங்களாப்பா?" என்று கேட்டேன். மறுநாள் வேறொரு காரணம் கண்டுபிடித்திருந்தார்: "கார்தான் நம்மகிட்ட ஏறி வரணும். நம்ம வண்டி எதுக்கு ஊரு காருக்கெல்லாம் குனியணும்?"

இந்த நிலையில்தான் வெள்ளிக்கிழமை திருமங்கலம் சாலையில் கருத்தக்கண்ணன் என்பவருடைய பட்டறைக்குப் போனோம். இரண்டு வகையும் அங்கே தயாராக நின்றன. நம் வீட்டு வழக்கம் உங்களுக்கே தெரியும், எந்த வண்டியானாலும் பிறந்த வீட்டுப் பெண்தான் முதல் காலை வைக்க வேண்டும். அதனால் அத்தை தேங்காய் பழத் தட்டோடு வந்திருந்தார். வாங்கிய பிறகு வைத்தால் போதாதா என்று அம்மா கேட்டதற்கு, "வச்சுப் பாத்தாத்தான் தெரியும், எனக்கு ஆகுதா ஆகலையான்னு" என்று பதில் வந்தது. அப்பா முதலில் பலகை டிரெய்லருக்குத்தான் கூட்டிப்போனார். ஒரு முழம்கூட அகலமில்லாத அந்த இரண்டு பலகைகளையும் அத்தை பார்த்தார். "இது மேல நான் நடக்கணுமா? என்னைய சர்க்கஸ்ல சேத்துவிட்டுட்டியாடா மலைச்சாமி?" என்றார். கருத்தக்கண்ணன் ஓடிப்போய் மற்றதன் தட்டைச் சாய்த்துவிட்டார். அது அகலமாக, தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அத்தை வலது காலை வைத்தார், இடது காலை வைத்தார், அப்படியே நடந்தார். பின்னால் பூஜைத் தட்டோடு அம்மா, கற்பூரத்தோடு நான், ஒரு காரணமும் இல்லாமல் இம்மானுவேல் அண்ணன்.

நாங்கள் நான்கு பேரும் அச்சைத் தாண்டிவிட்டோம். ஒரு காருக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைத் தட்டு எங்களுக்கும் செய்தது.

"எலேய் மலைச்சாமி! பூமி எந்திரிச்சு வருதுடா!"

அம்மாவும் நானும் பக்கவாட்டில் குதித்துவிட்டோம். தேங்காய் எங்களுக்கு முன்பே குதித்திருந்தது. இம்மானுவேல் அண்ணன் எப்போது இறங்கினார் என்று யாரும் பார்க்கவில்லை. அத்தை மட்டும் தட்டின் முன்முனையில் இருந்த இரும்புத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். தட்டு அசையாதபடி கருத்தக்கண்ணன் பூட்டு ஆணியைச் செருகி, "இனி ஆடாதுங்கம்மா, இந்த ஆணி ரெண்டு காரைத் தாங்கும்" என்றார். "இம்புட்டூண்டு ஆணியா? நீ வந்து நில்லு பாப்போம்." அவர் ஏறி நின்றார், குதித்துக் காட்டினார். "ஒனக்குத் தாங்கும்ப்பா, நீ செஞ்சது" என்றார் அத்தை. குதிக்கச் சொல்ல முடியாது, மூட்டு இருக்கிறது. தூக்கி இறக்க அவர் சம்மதிக்கவில்லை. சாலையில் போன பேருந்து ஒன்று வேகத்தைக் குறைத்தது. நீங்கள் பார்த்த வீடியோ அந்தப் பேருந்திலிருந்து யாரோ எடுத்தது. அத்தை கையசைப்பது உதவி கேட்டு அல்ல, எடுப்பவரைப் போகச் சொல்லி.

யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டு மடக்குக் குடித்ததும் அத்தைக்குத் தெம்பு வந்தது. கருத்தக்கண்ணன் வழி சொன்னார்: மெதுவாகப் பின்முனைக்கு வந்து காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும், ஆணியை எடுத்துவிட்டுப் பின்பக்கத்தை அழுத்தினால் தட்டே கொண்டுபோய் இறக்கிவிடும். அழுத்துவதற்கு வேறு யாரையும் அத்தை நம்பவில்லை. "என் தம்பி பிடிக்கட்டும்." ஆக, அந்தத் தட்டு வேண்டவே வேண்டாம் என்ற அப்பாவே வந்து இரண்டு கையாலும் பிடித்தார். ஆணி வெளியே வந்தது. தட்டுக்கு அடியில் எண்ணெய் அடைத்த குழாய் ஒன்று இருப்பதால் அது தொப்பென்று விழாது. அரிசி மூட்டையை இறக்கி வைப்பது போல் இறங்கியது. அத்தையின் பாதங்கள் தரையில் பட்டன. அப்பா அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார்.

"அக்கா, டீ சிந்தலையா?"

"எதுக்குடா சிந்தணும்?"

அப்பா குனிந்து தரையைத் தொட்டிருந்த தட்டின் விளிம்பையும் பக்கத்தில் இருந்த தன் காலையும் பார்த்தார். பிறகு கருத்தக்கண்ணனிடம், "இதையே எடுத்துக்கிர்றோம்ணே" என்றார்.

திரும்பும் வழியில் ஒரு செருப்புக்கடையில் ஜீப்பை நிறுத்திப் புதுச் செருப்பு வாங்கினார். அறுந்ததைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தார். அத்தான், அந்தச் செருப்பை வாசலில் பார்க்காமல் தூங்கிய முதல் இரவு அது. நன்றாகத் தூங்கினேன். அத்தையும் "இனி அது பக்கமே போகமாட்டேன்" என்று தானாகவே சொல்லிவிட்டார். அவருடைய ஒரே கவலை, "வீடியோவ முத்துக்குமரன் பாத்தானா?" என்பதுதான். நீங்கள் போனில் கத்தியதைக் கேட்டு, "பாத்துட்டான்" என்று திருப்தியாகச் சொன்னார். சித்திரைக்கு வந்து போனவர் நீங்கள், அதன் பிறகு வரவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஆகவே கோபத்தை விட்டுவிடுங்கள். அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு எங்கள் எல்லோரின் ஆசிகள்.

பணிவுடன்,
இசைவாணி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் சத்தம் கேட்டது. புதன்கிழமை திருப்பரங்குன்றம் போக மினிபஸ் படி ஏற முடியாதாம். "எனக்காக எறங்கி வார வண்டி வாசல்ல நிக்கிறப்ப நான் எதுக்குடா படி ஏறணும்?" என்கிறார் அத்தை. அப்பா டிரெய்லரில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு, காரைக் கட்டும் பெல்ட்டால் கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "காரே அசையாது, அக்காவா அசையப் போகுது?" அத்தை உட்கார்ந்தும் பார்த்துவிட்டார். ஆகவே மேலே எழுதிய உறுதிமொழிகளை நம்ப வேண்டாம். பூட்டு ஆணியை நான் கழற்றி இந்தக் கடிதத்தோடு பெட்டியில் வைத்துக் கூரியரில் அனுப்புகிறேன். அது இல்லாமல் வண்டி நகராது. அப்பாவுக்குச் சனிக்கிழமை ஒரு கார் ஏற்றும் வேலை இருக்கிறது, அதற்குள் நீங்களே நேரில் கொண்டுவந்து கொடுங்கள். நீங்கள் வருவதாக இப்போதுதான் அத்தையிடம் சொன்னேன். நாற்காலியை விட்டு இறங்கி, உங்களுக்கு என்ன குழம்பு வைப்பது என்று அம்மாவிடம் கேட்கப் போயிருக்கிறார்.