எல்லைக்கு முன் முக்கால் கிலோமீட்டர்

என் மகளுக்கு நிச்சயம் செய்ய வந்த சம்பந்தியை, பட்டு வேட்டியோடு, சித்திரை வெயிலில், நாகூர் சாலையில் கார் தள்ள வைத்தவன் நான். கார் பழுதாகவில்லை. சார்ஜ் தீர்ந்திருந்தது. அதுவும் தானாகத் தீரவில்லை, கொள்கையோடு தீர்த்திருந்தேன்.

அந்தக் கொள்கை பெட்ரோல் காலத்தது. காரைக்காலுக்கு ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. எல்லைக்கு உள்ளே புதுச்சேரி ஆட்சி, பெட்ரோல் விலை குறைவு. ஆகவே புறப்படும்போது நிரப்பிக்கொள்வது, எப்பாடு பட்டாவது திரும்பி வந்து நம் ஊரிலேயே மறுபடி நிரப்புவது என்பது எங்கள் ஊரின் எழுதப்படாத ஒழுக்கம். நான் ஏழாவது படிக்கையில் அப்பாவின் ஸ்கூட்டர் நாகூரில் நின்றுபோனது. எதிரிலேயே பங்க். அப்பா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "வாஞ்சூர் தாண்டிட்டா நம்ம பங்க்குடா" என்று தள்ள ஆரம்பித்தார். பின்னாலிருந்து நானும் தள்ளினேன். அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எல்லை தாண்டியதும் ஆளுக்கொரு பன்னீர் சோடா குடித்தோம். மிச்சம் பிடித்தது அதிலேயே போயிற்று (அம்மாவிடம் சொல்லவில்லை).

பெயிண்ட் கடை வைத்திருக்கும் நிஜாம் என் பள்ளித் தோழன். இருவரும் ஒரே மாதத்தில் மின்சாரக் கார் வாங்கினோம். அன்றோடு நிம்மதி போயிற்று. அவனுடையது பெரிய வண்டி, மளமளவென்று சார்ஜ் ஏறும். என்னுடையது சின்னது, மெதுவாகத்தான் ஏறும். ஆனால் ஒரு யூனிட்டுக்கு அதிக தூரம் ஓடும் என்பது என் கட்சி.

"ஒன் வண்டிக்கு சார்ஜ் ஏறுறதுக்குள்ள நான் ஜும்மா தொழுது, பிரியாணி தின்னு, ஒரு தூக்கமும் போட்டுருவேன்டா."

"யானைக்கு வேகமா தீனி போடலாம் நிஜாம். அதனால யானை கம்மியா திங்குதுன்னு ஆயிடுமா?"

இந்த லட்சணத்தில்தான் நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீடு தஞ்சாவூர். அங்கே போய் அவர்களை நாங்களே அழைத்து வர வேண்டும். "நம்ம புள்ள நிச்சயம், என் வண்டி வராமயா?" என்றான் நிஜாம். அவன் காரில் மாப்பிள்ளையும் அவருடைய சித்தப்பா, சித்தியும். என் காரில் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் என்று ஏற்பாடு. அவர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். அந்தம்மா தலைமையாசிரியை.

"ஞாயித்துக்கெழம நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள தட்டு மாத்தியாகணும்" என்றாள் என் மனைவி வசந்தி. "வழியில பந்தயம் கிந்தயம்னு எதாவது பண்ணீங்க..." வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. முடித்திருந்தால் ஒருவேளை பயந்திருப்பேன்.

போக வர இருநூறு கிலோமீட்டர். திரும்பும்போது திருவாரூரில் நிஜாம் சார்ஜருக்கு வண்டியைத் திருப்பினான்.

"இருவது நிமிஷம்டா. டீ குடிச்சுட்டுப் போவோம். நீயும் கொஞ்சம் போட்டுக்க."

என் திரை ஐம்பது கிலோமீட்டர் ஓடும் என்றது. வீடு நாற்பதில் இருந்தது. இங்கே செருகினால் என் வண்டி ஒரு மணி நேரம் நிற்கும். அதை மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நிஜாம் ரசித்துப் பார்ப்பான். ஆனால் நான் சொன்ன காரணம் வேறு.

"வெளியூர்ல நெரப்புற பழக்கம் எனக்கு இல்ல."

"டேய், இது பெட்ரோல் இல்லடா!"

அந்தச் சின்ன உண்மை என் மண்டையில் ஏறவில்லை. அப்பாவின் மகனாகப் புறப்பட்டேன்.

கங்களாஞ்சேரி தாண்டுவதற்குள் வீட்டுக்கு இருந்த தூரத்தைவிட வண்டி ஓடும் தூரம் குறைந்துவிட்டது. ஏசியை அணைத்தேன். கண்ணாடியை இறக்கினால் எதிர்க்காற்று வண்டியை இழுக்கும் என்று எங்கோ படித்திருந்தேன் (படிப்பு என்னை இப்படித்தான் பல தடவை கெடுத்திருக்கிறது). அதனால் அதையும் திறக்கவில்லை.

"ஏசி ரிப்பேருங்களா சம்பந்தி?"

"இல்லீங்க, இனிமே கடக்காத்தே ஜிலுஜிலுன்னு வரும்."

"கண்ணாடி மூடியிருக்குங்களே."

சம்பந்தியம்மா கைப்பையால் விசிறிக்கொண்டார். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களை முந்தியது. நாகூரில் நிஜாம் ஹாரன் அடித்தபடி தாண்டிப் போனான். மாப்பிள்ளை கையாட்டினார். ஊர் முடிகிற இடத்தில் என் கார் சத்தமே இல்லாமல் நின்றது. (மின்சாரக் காரில் அது ஒரு வசதி. உயிர் போவதுகூட வெளியே தெரியாது.)

மணி மூன்றரை. முக்கால் கிலோமீட்டரில் எல்லை. அதைத் தாண்டியதும் ஒரு பங்கில் சார்ஜர் உண்டு. நான் விளக்கம் சொல்லத் தொண்டையைச் செருமினேன்.

"ஸ்டியரிங்க நான் புடிச்சுக்கறேன்" என்றார் சம்பந்தியம்மா. "நீங்க ரெண்டு பேரும் எறங்கித் தள்ளுங்க."

முப்பது வருடம் காலை வழிபாட்டில் நின்று பழகிய குரல். இறங்கினோம். சம்பந்தி அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டார். இருநூறடி போவதற்குள் அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. அதே சாலை, அதே வெயில். ஒரு கணம் அப்பாதான் பக்கத்தில் தள்ளுகிறார் என்று தோன்றியது. அப்போது வசந்தியிடமிருந்து போன் வந்தது.

"எங்கங்க இருக்கீங்க?"

"வாஞ்சூர்கிட்ட."

வாஞ்சூர் என்றால் எங்கள் ஊர் மனைவிமார்களுக்கு ஞாபகம் வருவது அங்குள்ள மதுக்கடைகள்தான். "சம்பந்தியோடயா?" என்றாள்.

பங்கை அடைந்து வண்டியைச் செருகியபோது, மாப்பிள்ளையை இறக்கிவிட்ட நிஜாம் எங்களைத் தேடித் திரும்பி வந்திருந்தான். எங்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஏசியை முழு வேகத்தில் வைத்தான். அதைவிட அவன் திட்டியிருக்கலாம். நாலு இருபத்தாறுக்குத் தட்டு மாற்றினோம். படத்தில் இரண்டு சம்பந்திகளும் குளத்தில் முங்கி எழுந்தவர்கள் போல இருக்கிறோம்.

இப்போதும் தஞ்சாவூரிலிருந்து கிளம்புமுன் மருமகன் போன் செய்து, "மாமா, செருப்பா, ஷூவா? தள்ளுறதுக்கு எது தோது?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

ஆனாலும் கல்யாணப் பந்தியில் எனக்கு ஒரு வெற்றி கிடைக்கவே செய்தது. "அன்னிக்குக் கணக்குப் பாத்தேன்டா. யூனிட்டுக்கு ஒன் வண்டிதான் கூட ஓடியிருக்கு, ஒத்துக்கறேன்" என்றான் நிஜாம். மார்பு விரியச் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் பாயசத்தை நிதானமாக வழித்துச் சாப்பிட்டு முடித்தார்.

"கூடத்தான் இருக்கும் சம்பந்தி. கடைசி முக்கால் கிலோமீட்டருக்கு யூனிட்டே செலவாகலையே."