வழுக்காத தரை

ஒரு நாட்டின் நாகரிகத்தை அதன் குளியலறைத் தரையை வைத்தே அளக்க வேண்டும் என்பது என் துணிபு. மூன்று தலைமுறையாக நாங்கள் போட்ட தரையில் ஒரு மனிதர்கூட வழுக்கி விழுந்ததில்லை.

அப்படியிருக்க, போர்க்கைதிகள் முகாமின் "விபத்து அறிக்கை" செய்தித்தாளில் வந்தது. நான்கு மாதங்களில் பதினொரு கைதிகள் இறந்திருந்தார்கள். பதினொருவரும் குளியலறையில் வழுக்கி விழுந்தவர்கள். அந்தத் தரை எங்கள் கைவேலை.

இராணுவம் பொய் சொல்லாது. ஆகவே பழி எங்கள் மேல் விழுந்தது. காலையிலேயே, பேத்தி வழியில் சம்பந்தியாகப் போகிறவர் தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. பதினொரு பேரைக் கொன்ன தரையைப் போட்ட வீட்டுல பொண்ணு எடுக்கணுமான்னு எங்க வீட்டம்மா யோசிக்கிறா. நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்."

பேத்தி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தரைமட்டம் பார்க்கும் ரசமட்டத்துடன் முகாமுக்குப் போனேன்.

முகாம் அதிகாரி மிகப் பண்பானவர். நாற்காலி போட்டார். குளியலறைக்கும் அவரே கூட்டிப்போனார். தரையில் ரசமட்டத்தை வைத்தேன். நீர் வடியும் வாட்டம் இம்மியும் மாறவில்லை. இரண்டு வாளி நீரை ஊற்றச் சொல்லி, எழுபத்திரண்டு வயதில், வெறுங்காலோடு நாலு சுற்று ஓடிக் காட்டினேன்.

"வழுக்குதா?"

"இல்ல, பெரியவரே."

"அப்போ அறிக்கையைத் திருத்துங்க."

"திருத்தினா, அவங்க எப்படிச் செத்தாங்கன்னு கேப்பாங்களே?"

"அது உங்க பாடு. எங்க தரை செய்யல."

போர் உச்சத்தில் இருக்கும்போது ஒரு கொத்தனாரின் மானத்துக்காக எந்த அதிகாரி இவ்வளவு நேரம் யோசிப்பார்? இவர் யோசித்தார்.

"மாடிப்படியில உருண்டுட்டாங்கன்னு போட்டுக்கலாமா?"

"தாராளமா. ஆனா இங்க மாடியே இல்லையே."

"மாடி எதுக்கு? படி போதும். நீங்களே கட்டிக் குடுத்துடுங்க. விசாரணைக் குழு வெள்ளிக்கிழமை வருது."

அன்றே "தரை குற்றமற்றது" என்று முத்திரையிட்ட கடிதம் கைக்கு வந்தது. சம்பந்திக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"எனக்கு அப்பவே தெரியும் ஐயா. இவதான் கேக்கல," என்றார். பேத்தி கதவைத் திறந்தாள்.

வியாழன் மாலைக்குள் பதினான்கு படிகள் கட்டி முடித்தோம். ஏறிப் போனால் சுவர். ஆனாலும் ஒவ்வொரு படிக்கும் உயரமும் அகலமும் விதிப்படி. அரைகுறை வேலை எங்கள் பரம்பரையில் கிடையாது. அதனால் அதிகாரியிடம் கேட்டேன்.

"கைப்பிடி எந்தப் பக்கம் வைக்கட்டும்?"

"கைப்பிடியா? அது எதுக்கு, பெரியவரே? இதுல வர்ற கைதிங்களுக்குக் கை பின்னால கட்டியிருக்குமே."

பூச்சின் ஈரம் காயுமுன் கடைசிப் படியில் குடும்பப் பெயரைப் பதிப்பது எங்கள் வழக்கம். அன்று காய விட்டுவிட்டேன்.