வெயில் ஏறி வந்த கண்காட்சி வண்டி

எனக்கு வழி கேட்கத் தெரியாது. வழி சொல்கிறவர் முகம் மலர்ந்திருந்தால் அப்படியே நம்பிவிடுவேன். இந்த ஒரு குறையால் என் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது.

எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவிலில் விவசாயம் சம்பந்தப்பட்ட ஒரு அரசு அலுவலகத்தில் தற்காலிக எழுத்தராக இருந்தேன். புளியங்குடியில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா அங்கே பஜாரில் கடை வைத்திருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வேலை பெர்மனண்ட் ஆகட்டும். மறுமாசமே நாள் குறிச்சிருவோம்." பெர்மனண்ட் ஆவதற்கு எங்கள் அதிகாரி என்னைப் பற்றி இரண்டு வரி நல்லபடியாக எழுத வேண்டும். அவர் பேனா மூடியைத் திறந்தாலே நான் எழுந்து நின்றுவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் கண்காட்சி வண்டி வந்து சேர்ந்தது. தகரத்தில் செய்த ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு, ஜன்னல், ஏறுவதற்குப் படி எல்லாம் உண்டு, கீழே நாலு சக்கரம். ஜீப்பின் பின்னால் மாட்டி இழுக்க வேண்டும். உள்ளே உர மூட்டைகளும் பூச்சிகளின் படங்களும். வெளியே பக்கவாட்டில் பெரிய எழுத்தில் விவசாயிகளுக்கு ஒரு அறிவுரை. (என்ன அறிவுரை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.)

"தை மாசம் வாசுதேவநல்லூர்ல திறப்பு விழா. ஜில்லாவுல இருந்து பெரிய ஆபீசர் வாரார். பத்து மணிக்கு வண்டி அங்க நிக்கணும். எந்த ரோட்டுல போகணும்னு நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க," என்றார் அதிகாரி. சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார்.

புளியங்குடி வழியாகப் போனால் நல்ல தார் ரோடு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும். எனக்குத்தான் பயம். எலுமிச்சை மார்க்கெட் நெரிசலில் வண்டி குறுக்கே மாட்டி நிற்பதையும், வருங்கால மாமனார் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்ப்பதையும் மனதுக்குள் பத்துத் தடவையாவது பார்த்துவிட்டேன். ஆகவே உள்கிராமங்கள் வழியாகப் போகும் குறுக்கு ரோடு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஒரு மூங்கில் கம்போடு போனேன். புளியமரக் கிளைகளின் உயரத்தை அளந்தேன். பாலங்களின் அகலத்தை அளந்தேன். ஒரு நாய் துரத்தியதால் ஒரே ஒரு பாலம் விட்டுப்போனது. வழியில் ஒரு கரிசல்காட்டு ஊரில் டீக்கடை முன்னால் நின்றவர்களிடம் விசாரித்தேன்.

"அண்ணாச்சி, இந்த ரோட்டுல பெரிய வண்டி போகுமா?"

"எவ்வளவு கனம் இருக்கும்?" என்றார் தலைப்பாகை கட்டிய ஒருவர்.

சொன்னேன்.

"மொத்தம் எத்தன சக்கரம்?"

"ஜீப்புக்கு நாலு, பின்வண்டிக்கு நாலு."

"எட்டுச் சக்கரமா?" கூட்டத்தில் எல்லோர் முகமும் மலர்ந்தது. "தாராளமா வாங்க தம்பி. எத்தன மணிக்கு வாரிய?"

"எட்டு மணிக்கு."

"கொஞ்சம் வெயில் ஏறி வாங்களேன். ஒம்பது மணி வாக்குல."

என்ன அக்கறை, என்ன பண்பு! நோட்டில் 'ஊர் மக்கள் முழு ஒத்துழைப்பு' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

விழா நாள். டிரைவர் முத்தையா அண்ணாச்சி ஜீப்பை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தேன். சொன்னபடி சரியாக ஒன்பது மணிக்கு அந்த ஊர் வளைவில் திரும்பினோம்.

ரோட்டைக் காணவில்லை. இரண்டு பர்லாங்கு தூரத்துக்கு, முழங்கால் உயரம், காய்ந்த காணச் செடி. (கொள்ளுக்கு எங்கள் பக்கம் காணம் என்று பெயர்.) ஊரில் விளைந்த மொத்தத்தையும் பிடுங்கி வந்து பரப்பியிருந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறினால் நெற்று உடைந்து பயறு தனியே உதிரும். பனி காய்ந்த பிறகு ஏறினால் இன்னும் நன்றாக உதிரும். அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது.

"பார்த்து முடிவு பண்ணுன ரோடு இதுதானா?" என்றார் முத்தையா அண்ணாச்சி. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்வண்டியை மாட்டிக்கொண்டு பின்னால் எடுக்க முடியாது, அது ஒரு பக்கமாக மடங்கிக்கொள்ளும். ஆகவே முன்னால்தான் போக வேண்டும். போனோம். பாதி தூரத்தில் செடியெல்லாம் கயிறு போல அச்சில் சுற்றிக்கொண்டது. ஜீப் உறுமியது, நகரவில்லை.

தலைப்பாகைக்காரர் நிதானமாக வந்து குனிந்து பார்த்தார். பின்னாலேயே அரிவாளோடு பத்துப் பேர்.

"அண்ணாச்சி, பத்து மணிக்கு நான் வாசுதேவநல்லூர்ல இருக்கணும். என் வேலையே இதுலதான் இருக்கு." அழுதுவிடுவேன் போலிருந்தது.

"அறுத்து விட்டுருதோம், கவலைப்படாதிய. ஆனா பள்ளிக்கூடத்துப் பொட்டல்ல திருப்பி இன்னும் ஒரு நடை போயிட்டு வந்துருங்க. ஒரு நடைல அரைவாசிதான் உதிரும்."

மறுக்க எனக்கு வழியில்லை, அரிவாள் அவர்களிடம் இருந்தது. போனோம், திரும்பினோம், வந்தோம், மறுபடியும் போனோம். இரண்டு இடத்தில் மாட்டி, இரண்டு இடத்திலும் அறுத்துவிட்டார்கள். ஒரு அம்மா எனக்கு மோர் கொடுத்தார். குடிக்கும்போதும் கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.

வாசுதேவநல்லூர் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. பந்தல் நிறையக் கூட்டம். முன்வரிசையில் என் வருங்கால மாமனார். மாப்பிள்ளை ஆபீஸ் விழாவாயிற்றே என்று பஸ் ஏறி வந்திருந்தார்.

வண்டியின் அடியிலிருந்து காணக்கொடி தாடி மாதிரி தொங்கியது. ஜில்லாப் பெரியவர் எழுந்து வந்து பக்கவாட்டில் இருந்த அறிவுரையை எல்லோருக்கும் கேட்கும்படி நிறுத்தி நிறுத்தி வாசித்தார்: "சாலையில் தானியங்களைப் பரப்பி வாகனங்களை ஏறவிடாதீர்."

பிறகு ஒரு நெற்றைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த ரோட்டை முடிவு பண்ணுனது யாரு?" என்றார்.

முத்தையா அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார். எங்கள் அதிகாரி என்னைப் பார்த்தார்.

"நான்தான் சார்."

"காணம் நல்லா உதிர்ந்துச்சா?"

அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். பதற்றத்தில் கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டேன். "ரெண்டு நடையில சுத்தமா உதிர்ந்துட்டு சார்."

பந்தலே சிரித்தது. எங்கள் அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் பேனாவைத் திறக்க முழுசாக ஒரு வருஷம் ஆனது. என் மாமனாரும் சொன்ன சொல்லில் நின்றார். பெர்மனண்ட் ஆன மறுமாதம்தான் நாள் குறித்தார்.

இப்போது மகன் கார் ஓட்டுகிறான். குறுக்கே ஒரு நல்ல ரோடு இருப்பதாக நான் வாயைத் திறந்தாலே, பின்சீட்டிலிருந்து என் மனைவி கேட்பாள்: "எத்தன சக்கரம்னு யாராவது விசாரிச்சாவளா?" மகன் விழுந்து விழுந்து சிரிப்பான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "அதையே எத்தன வருஷம் சொல்லுவ?" என்று கேட்டேன்.

"காணம் உதிர ரெண்டு நடைதான் ஆச்சு," என்றாள். "உங்களுக்காக ஒரு வருஷம் காத்துக் கிடந்தது நான்தானே."