பல்லுக்கு மண் சாட்சி

காலத்தைப் பிசகின்றிக் கணிக்க வல்லவை இவ்வுலகில் இரண்டு. ஒன்று சூரியன். மற்றது கோட்டையூர்ப் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகம். சூரியனாவது சில நாள் மேகத்தில் மறைவதுண்டு.

அன்று 'கால நிர்ணயக் குழு' கூடியது. பொருள்: ஒரு பல். பாதி அரிசி அளவு. டைனோசர்கள் ஒழிந்தபின் தலையெடுத்த, எலி போன்ற ஒரு பாலூட்டியுடையது. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத் திறப்பு. அதற்குள் பல்லுக்கு வயது வேண்டும்.

"ஆறரைக் கோடி வருஷம்," என்றான் நிலவியல் விரிவுரையாளர் அருண் ஜோசப்.

தாளாளர் அழகுசுந்தரம் முகம் சுளித்தார். "திருப்பத்தூர் காலேஜ்ல ஏழு கோடி வருஷத்துப் பல்லு ஒண்ணு வச்சிருக்காகளாம். நாம எட்டுன்னு போட்டா என்ன?"

"எட்டுன்னா டைனோசர் உயிரோட இருக்கும் சார்."

"இருந்துட்டுப் போகட்டுமே. நம்மள என்ன செய்யப் போகுது? சரி, ஆறரைக்கு என்ன ஆதாரம்?"

"டைனோசர் எலும்பு கிடந்த மண்ணடுக்குக்கு மேல கிடந்துச்சு. மேல கிடந்தா பிந்தினது."

"மண்ணு சொன்னா அப்பீல் ஏது!"

நான்கு நிமிடத்தில் 'ஏகமனதாக' நிறைவேறியது.

அருண் எழுத்தர் பாண்டியராஜனிடம் போனான். வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு வேண்டும். மனைவி வின்சி இறந்து அன்றோடு ஓராண்டு. கண்டரமாணிக்கத்தில் நினைவுப் பூசை.

பாண்டியராஜன் பதிவேட்டைப் புரட்டினார். "உங்க வீட்டம்மா இதுல உயிரோடதானே இருக்காக? இருக்கவுகளுக்குப் பூசை வைக்கலாமா சார்?"

"இறப்புச் சான்றிதழோட போன வருஷமே மனு கொடுத்தேன்."

"அந்தா கெடக்கு." மூலையில் இடுப்புயரக் காகிதக் குவியல். "உத்தரவு வரலையே."

"கல்லறை இருக்கு."

"மண்ணுக்குள்ள இருந்தா ஆதாரமாயிருமா?"

அருண் குவியலின் ஓரத்தில் விரலை வைத்து இறக்கினான். பொங்கல் சுற்றறிக்கை. தீபாவளி முன்பணப் பட்டியல். அதற்கும் கீழே, அவன் கையெழுத்து.

"அவசரப்படாதீக சார். அந்தப் பல்லு ஆறரைக் கோடி வருஷம் பொறுத்துச்சே!"

வெள்ளிக்கிழமை பூசை மணி அடித்த நேரத்தில் இங்கே ரிப்பன் வெட்டினார்கள். பல்லை அடுத்த கண்ணாடிப் பெட்டியில் மங்கிய மனு ஒன்று இருந்தது. சிறப்பு விருந்தினர் பெருமிதத்தோடு ஒலிபெருக்கியில், அருண் எழுதி வைத்திருந்த அதன் குறிப்பை வாசித்தார்:

"வின்சி. வயது இருபத்தேழு. காலம்: சென்ற ஆண்டு, இதே நாள். கிடைத்த இடம்: இக்கல்லூரி அலுவலகம், தீபாவளி முன்பணப் பட்டியலுக்குக் கீழ் அடுக்கு. இரண்டு முறை புதைக்கப்பட்டவர்."