வெள்ளிக்கிழமையைக் காணவில்லை

வாழ்க்கையில் ஒரு பகல் முழுக்கத் தூங்குவது என்று முடிவு செய்தேன். வருகிற வெள்ளிக்கிழமை. நண்பன் மணிவண்ணன் ஊருக்குப் போயிருந்தான். மாதாப்பூரில் இருக்கும் அவன் வீட்டுச் சாவி என் பையில். லீவும் கிடைத்துவிட்டது. அலுவலகம் அங்கீகரித்த இல்லாமை. இல்லாள் அங்கீகரிக்காதது.

அதே நாளில் ஹாலுக்கு வெள்ளையடிக்க என் மனைவி ரோஸ்லின் பெயிண்ட் டப்பாக்கள் வாங்கி வைத்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமை லீவு கேட்டீங்களா?"

"தரமாட்டேங்கிறாங்க."

"கால்ல விழுந்து கேக்கதுதானே?"

"விழலாம்னுதான் போனேன். மேனேஜர் வொர்க் ஃப்ரம் ஹோம்."

வியாழன் மாலை ஐந்தரை, வீட்டில். ஆறு மணிக்குள், வெள்ளிக்கிழமை லீவையும் குறித்து, இந்த வார டைம்ஷீட் போகாவிட்டால் மேனேஜர் ஸ்ரீனிவாஸ் போனில் கூப்பிடுவார். 'லீவு' என்று அவர் சொன்னால் பக்கத்து ஃப்ளாட்டுக்கே கேட்கும். ரோஸ்லின் மேசைக்கு எதிர்ப்பக்கம்தான் இருந்தாள், தன் லேப்டாப்பில். அவளுக்கு ஏதோ ஹெல்ப்டெஸ்கில் வேலை. யாருக்கு ஹெல்ப் என்று ஐந்து வருஷத்தில் நான் கேட்டதில்லை.

அனுப்பினேன். சிவப்பு எழுத்து வந்தது: வெள்ளிக்கிழமை உங்கள் வேலை அட்டவணையில் இல்லை. இல்லாத வேலைக்கு லீவு எடுக்க முடியாது.

யாரோ என் வாரத்தை ஞாயிறு முதல் வியாழன் வரை என்று மாற்றியிருந்தார்கள். மறுபடி அனுப்பினேன். மறுபடி சிவப்பு.

"என்னங்க, இப்படி வேர்க்குது?"

"ஃபேன் மெதுவா ஓடுது."

"அஞ்சுலதான் ஓடுது."

கம்பெனியின் உதவி சாட் பெட்டியைத் திறந்தேன். 'உதவியாளர் 14' வந்தார். பணியாளர் எண்ணைக் கேட்டார். கொடுத்தேன். வெகுநேரம் பதில் இல்லை. எதிரே ரோஸ்லின் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

'லீவு எப்போது அங்கீகரிக்கப்பட்டது?'

'திங்கட்கிழமையே.'

'காரணம்?'

மணி ஐந்து ஐம்பது. யோசிக்க நேரமில்லை. ஸ்ரீனிவாஸிடம் சொன்னதையே தட்டினேன்: 'வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். மனைவிக்கு உதவியாக இருக்க வேண்டும்.'

எதிர்ப்பக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்றது. பிறகு மெதுவாகத் தொடங்கியது.

'அட்டவணை சரிசெய்யப்பட்டது. உங்கள் லீவு உறுதி.'

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினேன். பச்சை. மூச்சு வந்தது.

சாட்டில் இன்னொரு வரி முளைத்தது.

'சீலிங்குக்கு ரெண்டு கோட்டு. உங்க பைல நான் பாத்த மணிவண்ணன் அண்ணன் வீட்டுச் சாவிய எடுத்து மேசைல வைங்க.'

நிமிர்ந்தேன். ரோஸ்லின் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"பதினாலு… நீயா?"

"மூணு வருசமா. கேட்டாத்தானே தெரியும்." லேப்டாப்பை மூடினாள். "இப்ப ரேட்டிங் கேக்கும். பாத்துப் போடுங்க."

ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு, ஏணி எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.